தொடைச்சந்தில் இல்லாத துடிப்பு

தொடைச்சந்தில் விரல் வைத்துப் பார்த்தால் துடிப்பு இல்லை. அதே காலின் முழங்கால் மடிப்பில் இருக்கிறது. பாதத்தின் மேற்புறத்திலும் இருக்கிறது. மருத்துவ மாணவர் ஒருவர் பரீட்சையில் இப்படி எழுதினால், இவருக்குத் தொட்டுப் பார்க்கத் தெரியவில்லை என்றுதான் பரீட்சகர் நினைப்பார். காலுக்கு வேண்டிய குருதி வயிற்றிலிருந்து தொடைச்சந்து வழியாகவே இறங்குகிறது என்பது பாடப்புத்தகத்தின் அரிச்சுவடி. நடுவழியில் இல்லாதது கடைசியில் எப்படி வரும்? குருதி வேறு பாதையால் வந்தால் வரும். சிலருக்குப் பிறவியிலேயே அப்படியொரு பாதை இருக்கிறது. தொடையின் முன்புறத்தை விட்டுவிட்டு, புட்டத்துக்குள்ளால், சியாட்டிக் நரம்போடு ஒட்டியபடி தொடையின் பின்புறமாக இறங்குகிற நாடி அது. மறையாத சியாட்டிக் நாடி என்று அதைச் சொல்லலாம்.

1832இல் கிரீன் என்பவர் இதை முதன்முதலில் லான்செட் இதழில் விவரித்தார். அப்போது இது பிணத்தை அறுத்துப் பார்ப்பவர்களுக்கு மட்டுமே எட்டிய அதிசயம். 1864இல் லண்டன் கைஸ் மருத்துவமனை அறிக்கையில் ஃபேக், இதே நாடி புடைத்துப் பையாகிப்போன ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். உயிருள்ளவரின் நாடிப்படத்தில் இதைக் கண்டு சொன்னது அதற்கு ஏறக்குறைய நூறு ஆண்டுகள் கழித்துத்தான்: 1960இல் கௌவியும் அவரோடு சேர்ந்தவர்களும். மேலே சொன்ன முரண், அதாவது தொடைச்சந்தில் துடிப்பின்றிப் பாதத்தில் துடிப்பு இருப்பது, இன்றும் கௌவியின் பெயராலேயே அழைக்கப்படுகிறது. நோயைக் காட்டிக்கொடுக்க இதைவிடத் தெளிவான அடையாளம் இல்லை. ஆனால் இந்த நாடி உள்ள எல்லோரிடமும் இது தென்படாது. பலருக்குத் தொடைச்சந்து நாடி மேற்பகுதியில் ஓரளவு இருக்கவே செய்யும். அங்கே துடிக்கவும் செய்யும். பாதித் தொடையில்தான் மெலிந்து காணாமற் போகும்.

இந்த நாடி புதிதாக முளைத்த ஒன்றல்ல. கருவில் எல்லோருக்கும் இருந்ததுதான். கரு 6 மில்லிமீற்றர் நீளமாக இருக்கும்போது கால் ஒரு சிறு மொட்டு. அந்த மொட்டுக்குக் குருதி கொடுப்பது தொப்புள்நாடியிலிருந்து பிரியும் சியாட்டிக் நாடி. பிறகு வெளி இலியாக் நாடியின் தொடர்ச்சியாகத் தொடை நாடி முன்புறமாக வளர்ந்து வந்து, கீழே உள்ள கிளைகளைத் தன்னோடு சேர்த்துக்கொள்கிறது. கரு 22 மில்லிமீற்றரை எட்டும் கட்டத்தில் பழைய நாடியின் நடுப்பகுதி சுருங்கிவிடும். முழங்காலின் பின்னால் ஓடும் நாடியும் புட்டத்துக்குள் இருக்கும் ஒரு கிளையும் அதன் மிச்சங்கள். மனிதக் காலின் நாடிகள் இப்படி உருவாகும் வரலாற்றைப் படிப்படியாக வரைந்து காட்டியவர் சீனியர் என்ற உடற்கூற்றியலாளர், 1919இல். தொடை நாடி வளராமற் போனாலோ, பழைய நாடி சுருங்க மறுத்தாலோ, பிறக்கும் குழந்தையின் காலில் கருக்காலத்து ஏற்பாடே நிலைத்துவிடுகிறது.

பறவைகளுக்கு இதுதான் இயல்பு. கோழியின் காலுக்குக் குருதி கொண்டுபோகும் பெரிய நாடி பின்புறமாக, சியாட்டிக் நரம்பின் பக்கத்தில்தான் ஓடுகிறது. கோழிக்கு அதனால் ஒரு தொல்லையும் இல்லை. மனிதனுக்குத் தொல்லை வருவதற்கு ஒரு காரணம், அவன் அதன்மேல் உட்காருகிறான்.

வகைகளை நீட்டி முழக்க வேண்டியதில்லை. 1980இல் பில்லே நான்காகப் பிரித்தார். 1994இல் கோஃப்ர் ஐந்தாவதைச் சேர்த்தார். சிகிச்சை செய்பவருக்கு முக்கியமான கேள்வி ஒன்றே ஒன்று: இந்தக் கால் எந்த நாடியை நம்பி உயிரோடு இருக்கிறது? பழைய நாடி முழங்கால்வரை முழுமையாக இறங்கி, தொடை நாடி பாதியில் நின்றுபோயிருந்தால், பழையதே காலின் ஒரே ஆதாரம். தொடை நாடி சரியாக இருந்து பழையது துண்டாக எஞ்சியிருந்தால், அது வெறும் மிச்சம். வெளியான அறிக்கைகளில் முழுமையான வகையே பெரும்பான்மை. ஏறக்குறைய கால்வாசிப் பேருக்கு இரண்டு கால்களிலும் இருக்கும். ஆகவே ஒரு காலில் கண்டவர் மற்றக் காலையும் பார்த்தே ஆகவேண்டும்.

எத்தனை பேருக்கு இது இருக்கும்? நாடிப்படங்களை வைத்து 0.025 முதல் 0.04 சதவீதம் என்று சொல்வார்கள். இலங்கையின் பதுளை மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம்: 2012 கணக்கெடுப்பில் அதன் சனத்தொகை 8 இலட்சத்தைத் தாண்டியிருந்தது. விகிதத்தை அப்படியே பெருக்கினால் இருநூறிலிருந்து முந்நூற்றிருபது பேர்வரை வரும். இந்தக் கணக்கை மிகவும் நம்பிவிடக் கூடாது. நாடிப்படம் எடுக்கப்பட்டவர்கள் ஏற்கெனவே ஏதோ கோளாறோடு வந்தவர்கள். தேயிலைத் தோட்டத்து லயத்தில் சுகமாக இருப்பவரை யாரும் படம் எடுப்பதில்லை. என்றாலும் ஒரு பெரிய மாவட்ட வைத்தியசாலையில் வேலை செய்யும் சத்திர சிகிச்சை நிபுணர் தன் வாழ்நாளில் ஒருமுறையாவது இதைச் சந்திக்கக்கூடும் என்று நினைப்பதற்கு அந்தக் கணக்கு போதும்.

நோயாளி வருவது பெரும்பாலும் நாற்பது, ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு. பிறவிக் கோளாறு ஏன் இத்தனை காலம் அடங்கிக் கிடக்கிறது என்றால், நாடி தன் வேலையைச் சரியாகச் செய்வதுதான் காரணம். கால் வளர்கிறது, ஓடுகிறது, மலை ஏறுகிறது. சிக்கல் நாடியின் சுவரில் மெல்லத் தொடங்குகிறது. கருக்காலத்துக் குழாயாகையால் அதன் சுவரில் மீள்தன்மை குறைவு என்று ஒரு கருத்து உண்டு. இடம் ஆகாது என்பது இன்னொரு கருத்து: தொடையெலும்பின் மேற்புடைப்புக்கு அருகில், உட்காரும்போதெல்லாம் நசுங்கி, குனியும்போதெல்லாம் இழுபடுகிற இடம் அது. இரண்டும் சேர்ந்தே வேலை செய்வதாக எனக்குப் படுகிறது. சுவர் புடைத்து அனியூரிசம் ஆகிறது. அறிக்கைகளைத் திரட்டியவர்கள் ஐந்தில் இருவர் முதல் ஏறக்குறைய பாதிப்பேர் வரைக்கும் இது வந்ததாகச் சொல்கிறார்கள். தொல்லை தராத நாடியைப் பற்றி யாரும் கட்டுரை எழுதுவதில்லை என்பதால், உண்மையான அளவு அதைவிடக் குறைவாகவே இருக்க வேண்டும்.

அனியூரிசம் வெடிப்பது அபூர்வம். அதற்குள் குருதி உறைந்து கட்டியாவதுதான் வழக்கம். கட்டியிலிருந்து துணுக்குகள் உடைந்து கீழே போய்ப் பாதத்தின் சிறு நாடிகளை அடைக்கும்: ஒரு விரல் நீலம் பாரிக்கும், ஆறாத புண் வரும், சில நாளில் தானாகத் தணிந்ததுபோலவும் தோன்றும். ஒருநாள் பையே முழுவதும் அடைத்துவிட்டால் கால் திடீரென்று வெளுத்து, குளிர்ந்து, மரத்துப்போகும். பக்கத்திலேயே ஓடும் நரம்பைப் பை அழுத்துவதால் புட்டத்திலிருந்து குதிக்கால்வரை இழுக்கும் வலியும் உண்டு. அது அப்படியே சியாட்டிக்கா வலி போலவே இருக்கும். முதுகெலும்பைப் படம் எடுத்தால் ஐம்பது வயதில் யாருக்கும் ஏதாவது தேய்மானம் தெரியும். பழியை அதன் தலையில் போட்டுவிடலாம்.

இன்னொரு ஏமாற்றம் புட்டத்து வீக்கம். நம்மூரில் புட்டத்தில் கட்டி என்றால் முதலில் நினைவுக்கு வருவது ஊசி போட்ட இடத்தில் சீழ் பிடித்ததுதான். சீழ்க்கட்டி என்று நினைத்துக் கத்தி வைத்தால் அந்த மேசையிலேயே உயிர் போகலாம். ஆகவே கீறுவதற்கு முன் உள்ளங்கையை அதன்மேல் சற்று நேரம் வைத்திருக்க வேண்டும். துடிக்கிற கட்டியைக் கீறக் கூடாது. உள்ளே குருதி உறைந்துபோன பை துடிக்காமலும் இருக்கும். சந்தேகம் இருந்தால் அல்ட்ராசவுண்ட் ஒன்று தீர்த்துவைக்கும்.

இனி பதுளையின் தேயிலை மலைக்கு வருவோம். மடுல்சீமை, நமுனுகலை, லுணுகலை, ஸ்பிரிங்வெலி, தம்பேதென்னை, எந்தத் தோட்டத்தில் கேட்டாலும் கால் வலி இல்லாத கொழுந்து பறிக்கும் பெண் அரிது. சரிவில் எட்டு மணிநேரம் நின்று, கொழுந்துச் சாக்கைச் சுமந்து நிறுவைக்கு இறங்கி, மறுபடி ஏறுகிறவருக்குக் கால் உளைச்சல் நோயாகவே தோன்றாது. அது வேலையின் ஒரு பகுதி. சித்தாலேப பூசிக்கொண்டு படுத்து, விடிந்தால் பேர் போடப் போய்விடுவார். மலையேறுவதால் இந்த நாடிக் கோளாறு வருவதில்லை. அதைத் தெளிவாகச் சொல்லவேண்டும். இது கருவிலேயே தீர்மானமானது, ஆண் பெண் வேறுபாடும் இல்லை. ஆனால் மலை அதை மறைக்கிறது. எல்லோருக்கும் கால் வலிக்கிற இடத்தில் ஒருவரின் கால் வலியை யார் தனியாகக் கேட்பார்கள்?

அதே மலை அதை வெளிக்காட்டவும் உதவும். நகரத்து வைத்தியர் எத்தனை மீற்றர் நடந்தால் வலிக்கிறது என்று கேட்பார். தோட்டத்தில் மீற்றருக்கு அர்த்தமில்லை. ஏற்றத்தில் வலிக்கிறதா, இறக்கத்தில் வலிக்கிறதா என்று கேட்கவேண்டும். குருதி போதாத கால் ஏற்றத்தில் வலிக்கும், ஏனென்றால் தசைக்கு அங்கேதான் கூடுதல் வேலை. நின்றால் போதும், உட்காரத் தேவையில்லை, இரண்டொரு நிமிடத்தில் தணியும். முள்ளந்தண்டுக் குழாய் ஒடுங்கி நரம்பு நெரிபடுகிறவருக்கு நிலைமை தலைகீழ். ஏற்றத்தில் முன்னால் குனிந்து நடப்பதால் நரம்புக்கு இடம் கிடைக்கிறது. இறக்கத்தில் முதுகு பின்னால் வளைவதால் வலி கூடுகிறது. உட்கார்ந்தோ குனிந்தோதான் தணியும். எந்த மலையில் எத்தனையாவது படியில் நிற்கிறாய், நின்றபடியே தணிகிறதா என்று இரண்டு வார்த்தை கேட்டால் பாதி விடை வந்துவிடும். சியாட்டிக் நாடியின் அனியூரிசம் உள்ளவர் இந்த இரண்டையும் கலந்து சொல்வார்: ஏற்றத்தில் கெண்டைக்கால் பிடிக்கிறது, கட்டை வாங்கில் உட்கார்ந்தால் புட்டம் வலிக்கிறது. உட்கார்ந்தால் வலி கூடுகிறது என்ற அந்தச் சொல்லைத் தவறவிடக் கூடாது.

குருதி போதாத கால் என்று தெரிந்தபின்னும் சந்தேகத்துக்குரியவர்கள் பலர் வரிசையில் நிற்கிறார்கள். நீரிழிவோடு வரும் நாடி இறுக்கம் முதல் ஆள். பீடி, சிகரெட் பிடிக்கும் இளம் ஆண் என்றால் பர்ஜர் நோய். புகை பிடிக்காத இருபது வயதுக்காரருக்கு ஏற்றத்தில் கெண்டைக்கால் பிடித்தால் இன்னொரு பிறவிக் கோளாறை நினைக்கவேண்டும்: முழங்காலின் பின்னால் நாடி கெண்டைத் தசையிடையே சிக்கி நெரிபடுவது. 1879இல் எடின்பரோவில் ஆண்டர்சன் ஸ்டுவர்ட், மாணவராக இருக்கும்போதே, அறுத்தெடுத்த ஒரு காலில் இதைக் கண்டு எழுதினார். 1959இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் ஹாமிங் ஒரு 12 வயதுச் சிறுவனுக்குச் சத்திர சிகிச்சை செய்து சரிப்படுத்தியதை வெளியிட்டார். தசை வலுவாக உழைக்கிற கால்களில்தான் இது தலைகாட்டும். பாதத்தைக் கீழ்நோக்கி அழுத்தச் சொல்லிவிட்டுப் பாதத்துத் துடிப்பைப் பார்த்தால் அது மங்கி மறையலாம். சுகமாக இருப்பவர் சிலருக்கும் அப்படி மறைவதுண்டு என்பதால் அதை மட்டும் வைத்து முடிவு கட்டிவிட முடியாது. சியாட்டிக் நாடியை விட இது பலமடங்கு பரவலானது. மலைநாட்டில் இதைத் தேடுவது நியாயமே.

தோட்ட வைத்தியம் வேறொரு காலத்தின் தேவைகளுக்காக அமைந்தது. 1872இலும் பின்னர் 1912இலும் வந்த மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டங்கள் தொழிலாளருக்கு வைத்திய வசதி செய்யும் கடமையைத் துரைமாரின் தோளில் வைத்தன. காய்ச்சல், வயிற்றோட்டம், கொக்கிப்புழு, பிரசவம், அன்று ஆளைக் கொன்றவை இவை. டிஸ்பென்சரி என்பது அவற்றுக்கான இடம். பிறகு தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாகி, 1992இல் கம்பனிகளின் நிர்வாகத்துக்குத் திரும்பின. தோட்ட வைத்தியசாலைகளில் சிலவற்றை அரசு பொறுப்பேற்றது. மற்ற இடங்களில் டிஸ்பென்சரி இன்னும் டிஸ்பென்சரிதான். அங்கே அல்ட்ராசவுண்ட் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தொடைச்சந்து, முழங்கால் மடிப்பு, கணுக்காலின் உட்புறம், பாதத்தின் மேற்புறம் ஆகிய நான்கு இடத்தில் விரல் வைத்து, இரண்டு காலையும் ஒப்பிட்டு, கிளினிக் கொப்பியில் எழுதுவதற்கு மின்சாரம்கூடத் தேவையில்லை. பெண் நோயாளி ஒருவரின் தொடைச்சந்தில் ஆண் உத்தியோகத்தர் விரல் வைப்பதில் உள்ள கூச்சம் இருதரப்புக்கும் உண்டு. தோட்டத்து மருத்துவமாது கூட நின்றால் அது தீரும். பெரும்பாலும் பார்க்காமல் விடப்படுவதற்கு இந்தக் கூச்சமே காரணம் என்று நினைக்கிறேன். இதை யாரும் எழுதுவதில்லை.

கால் திடீரென்று வெளுத்துக் குளிர்ந்துவிட்டால் நிலைமை வேறு. குருதி நின்ற தசையும் நரம்பும் ஏறக்குறைய ஆறு மணிநேரத்துக்குப் பின் மீட்க முடியாத நிலையை நெருங்கும். கீழ்ப்பிரிவு லயத்திலிருந்து தார் வீதிவரை ஆளைத் தூக்கிக்கொண்டு வரவேண்டும். அங்கிருந்து முச்சக்கரவண்டியோ தோட்ட லொறியோ 1990 சுவசெரிய அம்புலன்ஸ் வண்டியோ. லுணுகலை, மடுல்சீமைப் பக்கத்தார் பசறை வழியாகப் பதுளைக்கு. அப்புத்தளைப் பக்கத்தார் தியத்தலாவை ஆதார வைத்தியசாலைக்கு. நாடிச் சத்திர சிகிச்சைப் பிரிவுள்ள கண்டி தேசிய வைத்தியசாலை பதுளையிலிருந்து நூறு கிலோமீற்றருக்கு மேல், கொழும்பு 230 கிலோமீற்றர் அளவில். இரவில், மழையில், மண் சரியும் மாதங்களில் இந்தத் தூரம் இன்னும் நீளும். ஆகவே அனுப்பும் இடத்திலேயே, தடையொன்றும் இல்லையென்றால், குருதி உறைவதைத் தடுக்கும் ஹெப்பரின் ஏற்றிவிட்டு அனுப்புவது காலைக் காப்பாற்றும் முதற் காரியம். வீட்டில் செய்யக்கூடாத காரியம் ஒன்றும் உண்டு: குளிர்ந்த காலுக்கு வெந்நீர் ஒத்தடமும் தைலம் தேய்த்து உருவலும். உணர்ச்சியற்ற தோல் வெந்துபோகும். புட்டத்தை உருவினால் பையிலுள்ள கட்டி நகரலாம்.

பெரிய வைத்தியசாலைக்குப் போய்ச் சேர்ந்தபின் இன்னொரு கண்ணி காத்திருக்கிறது. காலில் கட்டி அடைத்தால் வழக்கமாகத் தொடைச்சந்தைக் கீறி, நுனியில் பலூன் உள்ள மெல்லிய குழாயைக் கீழே செலுத்திக் கட்டியை இழுத்தெடுப்பார்கள். 1963இல் தோமஸ் ஃபோகார்ட்டி அறிமுகப்படுத்திய இந்த உத்தி எத்தனையோ கால்களைக் காப்பாற்றியது. மறையாத சியாட்டிக் நாடி உள்ளவரிடம் அந்தக் குழாய் பாதித் தொடையில் முட்டி நிற்கும். தொடை நாடி அங்கே முடிந்துபோகிறது. கட்டி இருப்பதோ பின்பக்கப் பாதையில். குழாய் இறங்காததைக் கடும் அடைப்பு என்று நினைத்துத் திரும்பத் திரும்பத் தள்ளினால் நேரம் போகும், மெலிந்த நாடியும் கிழியும். சற்று நேரம் இருந்தால் முதலில் சீ.ரி. நாடிப்படம் எடுத்துப் பார்ப்பதே புத்திசாலித்தனம். அதுவும் இடுப்பெலும்புக்குள்ளிருந்து பாதம்வரை. தொடையிலிருந்து மட்டும் தொடங்கிய படத்தில் புட்டத்து நாடி அகப்படாது.

சிகிச்சையின் தர்க்கம், இந்தக் கால் எந்த நாடியை நம்பியிருக்கிறது என்று முன்னே கேட்ட கேள்வியிலேயே இருக்கிறது. தொல்லை தராமல் தற்செயலாகத் தெரிந்த நாடிக்குக் கத்தி வேண்டாம். ஆண்டுதோறும் அல்ட்ராசவுண்ட் பார்த்து வந்தால் போதும். அனியூரிசம் வந்துவிட்டால் அதைக் குருதியோட்டத்திலிருந்து விலக்கவேண்டும். புட்டத்தைத் திறந்து பையை வெட்டியெடுப்பது பழைய முறை. நரம்பு பையின் மேலேயே ஒட்டிக்கிடப்பதால் கால் காப்பாற்றப்பட்டுப் பாதம் தொங்கிப்போன நோயாளிகள் உண்டு. இப்போது உள்ளிருந்தே உலோகச் சுருள் வைத்துப் பையை அடைத்துவிடுகிறார்கள். பழைய நாடி வெறும் மிச்சமாக இருந்தால் அத்துடன் வேலை முடிந்தது. அதுவே காலின் ஒரே ஆதாரமென்றால், காலிலிருந்து எடுத்த நாளத்தைத் தொடைச்சந்திலிருந்து முழங்காலின் கீழ்வரை பொருத்திப் புதுப்பாதை போட்டுவிட்டே பழையதை அடைக்கவேண்டும். மாறிச் செய்தால் கால் போய்விடும். பைக்குள் உறையிட்ட ஸ்டென்ட் வைப்பது சுலபமான வழியாகத் தோன்றும். ஆனால் உட்காரும் இடத்தில் வைத்த ஸ்டென்ட் மடங்கி, ஒடிந்து, அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. வயதானவர், பெரிய சத்திர சிகிச்சையைத் தாங்காதவர் என்றால் அதுவே சரி. நாற்பத்தைந்து வயதில் மறுபடி மலைக்குப் போகவேண்டியவருக்கு நாளத்தாலான புதுப்பாதையே நல்லது என்பது என் எண்ணம்.

அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் காசில்லை. அதன் பின்வரும் கிளினிக்குகளுக்கு நாட்சம்பளம் போகும். 2024 செப்ரெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக வர்த்தமானியில் வந்தது. கண்டிக்கோ கொழும்புக்கோ ஒரு கிளினிக் என்றால் நோயாளிக்கும் துணைக்குப் போகிறவருக்கும் சேர்த்து இரண்டு பேர், சில வேளை இரண்டு நாள். புதுப்பாதை அடைத்துக்கொள்கிறதா என்று ஆண்டுதோறும் பார்க்கவேண்டியதைப் பதுளையிலேயே அல்ட்ராசவுண்டில் பார்த்து, மாற்றம் இருந்தால் மட்டும் மேலே அனுப்பும் ஏற்பாடு இருந்தால், கிளினிக்கை விட்டுவிடுகிறவர்கள் குறைவார்கள்.

பதுளை அடங்கிய ஊவா மாகாணத்தில் இந்த நாடிக்கு இன்னொரு முக்கியத்துவம் இருக்கிறது. அது தேயிலை மலையில் இல்லை, கீழே மகியங்கனைப் பக்கத்தில். பதுளை மாவட்டத்தின் கிராந்துருக்கோட்டை, காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் அதிகமாகக் காணப்படும் இடங்களில் ஒன்று. அந்த நோயாளிகளில் சிலர் மாற்றுச் சிறுநீரகம் பொருத்தும் நிலைக்கு வருகிறார்கள். பொருத்தும்போது புதிய சிறுநீரகத்தின் நாடியை இணைக்கும் வழிகளில் ஒன்று, இடுப்புக்குள் ஓடும் உள் இலியாக் நாடியை வெட்டி அதன் முனையில் தைப்பது. சாதாரண மனிதருக்கு அதனால் பெரிய பாதிப்பில்லை. சியாட்டிக் நாடியோ அந்த உள் இலியாக் நாடியிலிருந்துதான் கிளம்புகிறது. முழுமையான வகை உள்ளவரிடம் அதை வெட்டினால் சிறுநீரகம் பிழைத்துக் கால் சாகும். அப்படிப்பட்டவருக்கு வெளி இலியாக் நாடியின் பக்கவாட்டில் தைக்கும் வழி இருக்கிறதா, அந்த நாடியே போதிய பருமனில் வளர்ந்திருக்கிறதா, மற்றப் பக்கம் சரியாக இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்க்கவேண்டும். இடுப்பெலும்பு முறிவில் குருதிப் பெருக்கை நிறுத்த உள் இலியாக் நாடியைக் கட்டும்போதும், பிரசவத்தில் பெருக்கு நிற்காதபோது அதையே கட்டும்போதும் இதே எச்சரிக்கை பொருந்தும். ஆகவே இந்த நாடி இருப்பதாக ஒருமுறை தெரிந்தவரின் கிளினிக் கொப்பியில், முதற் பக்கத்தில், சிவப்பு மையால் மூன்று விடயங்கள் இருக்கவேண்டும்: எந்தக் கால், முழுமையானதா அல்லவா, உள் இலியாக் நாடியைக் கட்டக் கூடாது. கொப்பி தொலைவது வழக்கம் என்பதால் அதையே ஒரு சிறு அட்டையிலும் எழுதி, அடையாள அட்டையோடு வைத்துக்கொள்ளக் கொடுக்கலாம்.